மனைகாத்தலும் உயிரோம்பலும்

உயிர்க்கொலை தீவினையாம் என்பதில் சைவநன்மக்கட்கு ஐயமில்லை. ஐயம் எழுவது அவ்வறம் வீட்டு வாயிலைக் கடந்து உள்ளே புகும்பொழுதேயாம். புலாலை மறுத்தவரும், சிறுதெய்வங்கட்குப் பலியிடுதலை ஒழித்தவரும், தம் மனையகத்தே விட்டத்தை அரிக்கும் கறையானையும், நெற்குதிரைத் துளைக்கும் எலியையும், மகவின் தொட்டிலருகே ஊரும் தேளையும் கண்டவிடத்து யாது செய்தல் வேண்டும்? கொன்றாற் கொலையாம், கொல்லாது விட்டாற் காவல் வழுவாம். இவ்விரண்டற்கும் இடையே இல்வாழ்வான் செல்லத்தக்க நெறி யாது என்பதே ஈண்டு ஆராயப்படுவது.

வெம்மை மிக்க நிலங்களில் இவ்வினா ஏனை நிலங்களினும் வலிதாய் எழும். வத்திராயிருப்பை அடுத்த கான்சாபுரம் முதலிய ஊர்கள் மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தை ஒட்டியவை. மழைக்காலத்தே பசுமையுடையனவாயினும், பங்குனி தொடங்கி வைகாசி காறும் திருவில்லிபுத்தூர், இராசபாளையம் என்னும் ஊர்களைச் சூழ்ந்த நிலம் முழுதும் வெயிலாற் காய்ந்து வெடிக்கும். மண் காயுங்கால் அதனுள் வாழும் உயிர்கள் நிழலும் ஈரமும் நாடிப் புறப்படும். ஊரில் நிழலும் ஈரமும் என்றும் மாறாதிருப்பது மக்கள் வாழும் மனையேயாம். நீர்க்குடத்தின் அடி, குளிக்கும் அறையின் மூலை, ஓட்டுக்கூரையின் இடுக்கு, விறகடுக்கு, வைக்கோற்படப்பு என்பனவெல்லாம் தேளுக்கும் பூரானுக்கும் பாம்புக்கும் புகலிடங்களாம். இராசத்தானத்துப் பாலைநிலத்தினும் அரபுநாட்டினும் இதுவே முறை. ஆகவே அவ்வுயிர்கள் பகை கருதி வந்தன அல்ல. வெயிலுக்கு ஆற்றாது உயிர்பிழைக்க வந்தனவாம். இதனை முதற்கண் உணர்தல் வேண்டும். உணராதான் கையில் எடுக்கும் கோலுக்குச் சினமே துணையாகும்.

இனி, சித்தாந்தம் கூறும் பொருளியல்பை நோக்குவாம். உயிர்கள் எண்ணிறந்தன, அநாதியே ஆணவ மலத்தான் மறைப்புண்டன. அவற்றின் மறைப்பை நீக்கும்பொருட்டு இறைவன் மாயையினின்றும் உடலும் கருவியும் உலகும் நுகர்பொருளும் ஆகியவற்றை வினைக்கு ஏற்பக் கூட்டுவான். எண்பத்துநான்கு நூறாயிரம் பிறப்புவகையுள் யாதானும் ஒன்றில் நிற்கும் உயிர், உயிராம் தன்மையில் மற்றோர் உயிரினும் தாழ்ந்ததன்று. தேளின் உயிரும் கற்றுவல்லான் உயிரும் ஒரு தன்மையவே. வேற்றுமை உடம்பினாலும் அறிவு விளங்கும் அளவினாலும் வந்தது. உயிர் என்றும் அழிவதன்று. ஆதலின் கொலையென்பது உயிரை அழித்தலன்று. ஓருயிர் தன் வினையை நுகர்ந்து தொலைத்தற்கு இறைவன் கொடுத்த கருவியை இடையே பறித்தலாம். கொடுத்தவன் ஒருவனாகப் பறிப்பவன் பிறனாயின், அது குற்றமாதல் தேற்றம்.

அற்றேல், "அவ்வுயிரின் வினையே அதனை என் காலடியிற் கொணர்ந்தது, அஃது இறக்கும் காலம் வந்தமையின் இறந்தது, யான் கருவி மாத்திரையே" எனச் சிலர் கூறுவராலோ எனின், அது பொருந்தாது. வினையையும் அதன் பயனையும் கூட்டுவிப்பவன் பதியேயன்றிப் பசு அன்று. வினைப்பயனைப் பிறவுயிர்க்குப் பங்கிட்டளிக்கும் அதிகாரம் எவ்வுயிர்க்கும் கொடுக்கப்படவில்லை. தேளின் பிராரத்தம் யாதாயினும் ஆகுக. அதனை அடிக்க ஓங்கிய கையின் செயல் அடிப்பவனுக்கு ஆகாமியமாய் ஏறும். பிறிதோர் உயிரின் வினையைத் தன் செயலுக்குச் சான்றாகக் காட்டுவான், களவு கொண்டவன் "பொருளுடையானது ஊழ்" என்று கூறித் தப்ப முயல்வானை ஒப்பான்.

வேறு சிலர், திருக்குறளிற் கொல்லாமை அதிகாரம் துறவறவியலில் வைக்கப்பட்டமை காட்டி, அவ்வறம் துறந்தார்க்கே உரியது, இல்வாழ்வார்க்கு அன்று என்பர். திருமூலர் தம் திருமந்திரத்துள் முதற்றந்திரத்திலேயே புலால் மறுத்தலையும் கொல்லாமையையும் ஓதினார். அவ்விடத்து ஓதப்பட்டன எல்லார்க்கும் பொதுவாகிய அறங்கள். அன்றியும், இல்வாழ்வார்க்கு இவ்வறம் இல்லையாயின், மனுநூல் இல்லத்துள் ஐந்து கொலைக்களங்கள் உள எனக் கூறியது என்னை? அடுப்பு, அம்மி, துடைப்பம், உரல், நீர்க்குடம் என்னும் ஐந்தும் பஞ்சசூனை எனப்படும். அடுப்பில் விறகோடு புழு வேகும். அம்மியிலும் உரலிலும் சிற்றுயிர் நசுங்கும். துடைப்பத்தால் எறும்பு மாயும். குடத்தடியில் பூச்சி அகப்படும். இவை அறியாது நிகழ்வன. அறியாது நிகழ்ந்தனவும் குற்றமே என்று கொண்டு, அதன் நீக்கத்தின்பொருட்டே வேதம் ஓதல், தென்புலத்தார் கடன், தேவர் வழிபாடு, பூதங்கட்கு உணவிடல், விருந்தோம்பல் என்னும் ஐவேள்விகள் நாடோறும் விதிக்கப்பட்டன. அறியாது செய்ததே குற்றமாயின், அறிந்து செய்வது எத்துணைத்து என்பது சொல்லாமே விளங்கும்.

இவ்விதியினுள் மற்றோர் உண்மையும் அடங்கியுள்ளது. மனைவாழ்க்கை உயிர்க்கேடு சிறிதும் இன்றி நடவாது என்பதை முன்னோர் மறைத்தாரல்லர். "நின் இல்லத்தில் ஒன்றும் சாகலாகாது" என்று இயலாததை விதித்தாருமல்லர். "சாவது குற்றமன்று" என்று நெகிழ்ந்தாருமல்லர். குற்றம் குற்றமாகவே நிற்க, அதனைக் குறைத்தலும் அதற்கு ஈடு செய்தலும் இல்வாழ்வான் கடன் என்றனர். மனைப்பூச்சிகளைப் பற்றிய அறம் முழுதும் இந்த நிலையிலிருந்தே தொடங்கல் வேண்டும்.

குறைத்தல் எவ்வாறு? நால்வகைத் தோற்றத்துள் வியர்வையிற் பிறப்பன என ஒருவகை கூறப்பட்டுள்ளது. பேன் முதலிய சிற்றுயிர்கள் அவ்வகையுள் வைக்கப்பட்டன. அவையும் முட்டையினின்றே தோன்றுவன என்பது பிற்கால ஆராய்ச்சியால் துணியப்பட்டது. ஆயினும் அப்பாகுபாட்டில் ஓர் அறக்கருத்து எஞ்சி நிற்கின்றது. புழுக்கமும் அழுக்கும் உள்ளவிடத்து அவை பெருகும். அப்புழுக்கமும் அழுக்கும் பெரும்பான்மையும் மனைக்குரியவனால் விளைந்தன. சிந்திய தவசம் எலியை அழைக்கும். எலி பாம்பை அழைக்கும். மூடாத எச்சில் கரப்பானை அழைக்கும். கரப்பான் தேளை அழைக்கும். சுவரில் ஒழுகும் நீர் கறையானை அழைக்கும். ஈரமின்றிக் கறையான் நெடுநாள் வாழாது. தானே அழைத்துத் தானே ஊட்டி வளர்த்த ஒன்றைப் பின்னர்த் தானே கொல்பவன் இருமடங்கு குற்றமுடையான். ஆகவே "கொல்லலாமோ" என்னும் வினா, கேட்கப்படும்பொழுதே காலம் கடந்துவிட்ட வினாவாகும். அதற்கு முன் கேட்கத்தக்கது, "இஃது இங்கு வருதற்கு இடந்தந்தவர் யார்" என்பதே.

பண்டைத் தமிழ்மனைகளின் வழக்கங்கள் இந்நெறியை ஒட்டியவை. பயற்றைச் செம்மண் பூசி வெயிலில் உலர்த்தி வைத்தலும், நெல்லோடு வேப்பிலையும் நொச்சியிலையும் இட்டு வைத்தலும், ஏட்டுச்சுவடிகளுக்கு வசம்பும் மஞ்சளும் சேர்த்தலும், உணவுப்பேழையின் கால்களை நீர்க்கிண்ணத்துள் நிறுத்தலும் கொல்லும் முறைகள் அல்ல, அணுகவொட்டாத முறைகள். வேம்பிலுள்ள கசப்புப்பொருள் பூச்சியின் உணவு வேட்கையைக் கெடுத்து விலக்குவது என இக்கால ஆராய்ச்சியும் கூறும். வாயிலின் புறத்தே அரிசிமாவாற் கோலமிடல் எறும்புக்கு உணவாம் என்று முதியோர் கூறுவர். உள்ளே வாராமைக்கு வெளியே ஊட்டுதல் என்பது இல்லறத்தாரின் நுண்ணறிவு.

காவல் தவறியவிடத்து நேரும் இழப்பிற்குச் சைவவுலகம் ஒருபொழுதும் மறக்கலாகாத சான்று தில்லையில் உளது. மூவர் அருளிய தேவாரத் திருப்பதிகங்கள் அத்திருக்கோயிலின் ஓர் அறையில் அடைபட்டிருந்தன. நம்பியாண்டார் நம்பியின் துணையோடு இராசராச மன்னன் அவ்வறையைத் திறப்பித்தபொழுது, ஏடுகளின்மேற் கறையான் புற்று மூடியிருந்தது என்று, உமாபதி சிவாசாரியார் இயற்றியதாக வழங்கும் திருமுறைகண்ட புராணம் கூறுகின்றது. எண்ணெய் சொரிந்து புற்றை நீக்கி ஏடுகளை எடுத்துப் பார்த்தபொழுது பல அழிந்துபோயின. எஞ்சியன இக்காலத்திற்கு வேண்டுவன என்று வானொலி எழுந்து மன்னனைத் தேற்றியது. அன்பர்கள் இவ்வரலாற்றைப் படிக்குந்தோறும் கறையானை நொந்துகொள்வர். கறையான் யாது செய்தது? இருளும் ஈரமும் உலர்ந்த ஓலையும் ஓரிடத்தே கிடைத்தன. தன் இயல்பின்படி உண்டது. அதற்குப் பண் இன்னது, பாட்டு இன்னது என்னும் அறிவில்லை. அறிவுடையார் கைக்குறியிட்டுப் பூட்டினர். பூட்டியதையே காவலென்று கொண்டனர். ஆண்டுதோறும் ஏட்டைப் பிரித்து வெயிலில் உலர்த்திப் படித்துப் பெயர்த்தெழுதியிருப்பின், புற்றும் எழுந்திராது. எண்ணெய் சொரிந்து அத்துணை உயிர்களை மாய்க்கவும் நேர்ந்திராது. காவலின் வழு பாட்டையும் இழப்பித்தது, கொலையையும் வருவித்தது. இவ்விரண்டும் ஒரே காரணத்தினின்றும் பிறந்தன என்பது கருதத்தக்கது.

இனி, காத்தலும் போதாத கடினமான இடம் ஒன்று உண்டு. நீர் அரிதாகிய ஊர்களில் மக்கள் நீரைத் தொட்டியிலும் பானையிலும் பலநாட்குச் சேமித்துவைப்பர். டெங்கு என்னும் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் வகைக் கொசு சாக்கடையை நாடுவதன்று. இத்தகைய தெளிந்த நீரையே நாடும். பகற்பொழுதில் கடிக்கும். நீர்மட்டத்திற்குச் சற்றுமேலே கலத்தின் உட்புறத்தில் முட்டையிடும். அம்முட்டை நீர் வற்றியபின்னும் பல திங்கள் அழியாது கிடந்து, மீண்டும் நீர்பட்டதும் பொரியும். முட்டை கொசுவாதற்கு ஏழு முதற் பத்து நாட்களே வேண்டும். அக்கொசுக் கடியால் வரும் காய்ச்சல் மகவின் உயிரையும் கொள்ளவல்லது. ஈண்டுக் கொசுவிற்கு இரங்கி மகவைக் கைவிடுதல் கொல்லாமை ஆகாது. மகவின் உடம்பும் இறைவன் கொடுத்த கருவியே; அதனைக் காக்கும் பொறுப்பு பெற்றோரிடம் ஒப்புவிக்கப்பட்டது. பிறவுயிரிடத்து இரக்கம் என்னும் பெயரால் ஒப்புவிக்கப்பட்ட உயிரை நழுவவிடுதல் அறத்தின் வடிவில் வந்த மடியேயாம்.

ஆயினும் இங்கும் படிமுறை உண்டு. கலத்தை இறுக மூடுதலும், கிழமைக்கு ஒருமுறை நீரை வடித்து உட்புறத்தைத் தேய்த்துக் கழுவிக் காயவைத்தலும் முதற்படி. மூடிய கலத்தில் கொசு முட்டையிடாது. ஓருயிர்க்குத் தன் மனையில் உடம்பெடுக்க இடங்கொடாமை அவ்வுயிரைக் கொல்லுதல் ஆகாது, அவ்வுயிர் அழிவற்றது, அதற்கு உடம்பு கூட்டுவிக்கும் வழியை இறைவன் அறிவான். முட்டையைத் தேய்த்துப் போக்குதலிற் சிறிது குற்றம் உண்டு. நெளியும் புழுக்களைக் கண்டபின் நீரைக் கொட்டுதல் அதனினும் மிக்கது, அது கொலையே. எனினும் மகவின் உயிர்க்காப்பின் முன் அது செய்யத்தக்கதாம். நாட்கடத்தக் கடத்தச் செய்யவேண்டுவதாகிய கொலையின் அளவு பெருகுதலைக் காண்க. சோம்பல் ஒரு சிறு குற்றம் அன்று. பிற குற்றங்களை ஈன்று பெருக்கும் தாயாம்.

தேளும் பாம்பும் புகுந்தவிடத்துக் கொலை பெரும்பாலும் வேண்டா. தேள் புறஊதா ஒளியிற் பசுமையாய் ஒளிர்வது. அவ்வொளி விளக்கால் இரவில் அதனைக் கண்டு இடுக்கியாற் பற்றி அகற்றலாம். மராட்டிய நாட்டு மகாடு என்னும் ஊரில் மருத்துவம் செய்த இம்மத்ராவ் பவாசுகர், 1980ஆம் ஆண்டுகளில், செந்தேள் கடியால் இதயம் சோர்ந்து இறப்பாரைப் பிராசோசின் என்னும் மருந்தாற் பிழைப்பிக்கும் முறையை உலகிற்கு உணர்த்தினார். பாம்புக்கடியால் இந்தியாவில் 2000 முதல் 2019 வரை ஏறத்தாழ 12 இலட்சம் மக்கள் இறந்தனர் என 2020இல் வெளிவந்த ஆராய்ச்சி கணக்கிட்டது. இது சிறிய அச்சம் அன்று. ஆயினும் அவ்வச்சத்திற்கு மருந்து பாம்பினிடத்தேயே உளது. மாமல்லபுரத்தை அடுத்த வடநெம்மேலியில் 1978இல் தோன்றிய இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தார் நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் என்னும் நான்கனையும் பிடித்து, நஞ்சை எடுத்துக்கொண்டு, மீண்டும் காட்டில் விடுவர். அந்நஞ்சினின்றே நஞ்சுமுறி மருந்து செய்யப்படுகின்றது. கண்டவிடத்தெல்லாம் அடித்துக் கொல்லும் வழக்கம் ஒருவரையும் பிழைப்பித்திலது. பிடித்துவிடும் தொழில் பலரைப் பிழைப்பித்துள்ளது.

சேக்கிழார் அருளிய அப்பூதியடிகள் வரலாறும் ஈண்டு நினையத்தக்கது. திங்களூரில் அடிகளாரின் மூத்த மைந்தர் வாழைக்குருத்து அரியப் புகுந்தபொழுது பாம்பு தீண்டியது. அவர் அதனை உதறிவிட்டுக் குருத்தைத் தாயார்கையிற் சேர்ப்பிக்க ஓடினார். பின்னர் நாவரசர் பதிகம் பாடி நஞ்சினை நீக்கினார். தீர்க்கப்பட்டது நஞ்சு, பாம்பைத் தேடிச் சென்று பழிவாங்கியதாக அங்கு ஒரு சொல்லும் இல்லை.

சங்கரன்கோயிலுக்குச் செல்லும் வழக்கமும் இக்கருத்தையே புலப்படுத்தும். இராசபாளையம் முதலிய ஊரார் மனையில் பாம்பு, தேள், பூச்சிகளின் நடமாட்டம் மிக்கால் அத்தலத்திற்கு நேர்ந்துகொண்டு, அவற்றின் உருவம் பொறித்த வெள்ளித்தகடுகளைக் காணிக்கையாக இடுவர். கோமதியம்மன் சந்நிதியில் புற்றுமண்ணைத் திருவருட்பொருளாகப் பெற்று வருவர். அங்கு அன்னையிடம் வேண்டப்படுவது "அவற்றை அழித்தருள்க" என்பதன்று. "எம்மையும் அவற்றையும் வேறுவேறு இடத்தே வைத்தருள்க" என்பதே. கறையான் எடுத்த புற்றின் மண் நெற்றியில் இடத்தக்கதாயிற்று. திருவாரூரில் பெருமானே புற்றிடங்கொண்டார். இறைவன் உறையும் இடமாகத் தொழப்படுவதும், விட்டத்தில் எழுந்தால் விலக்கப்படுவதும் ஒரே புற்று. தொழுதலும் விலக்கலும் முரண்படா. வெறுத்தலே இரண்டனோடும் முரண்படும்.

இனி நஞ்சிடுதலைப் பற்றிக் கூறவேண்டும். கொன்றால் தொல்லை தீர்ந்தது என்பது பல இடங்களிற் பொய்த்துள்ளது. 1896இல் பம்பாயில் தோன்றிய கொள்ளைநோய், எலியின் உடம்பில் வாழும் தெள்ளுப்பூச்சியாற் பரவுவதென 1898இல் கராச்சியில் இருந்த பிரெஞ்சு மருத்துவர் சைமண்டு கண்டார். எலி இறந்து உடம்பு குளிர்ந்ததும் தெள்ளுப்பூச்சி அதனை விட்டு மக்களை நாடும். ஆராயாது எலியைக் கொல்லுதல் நோயை மனைக்குள் அழைப்பதாகவும் முடியும். 1939இல் பவுல் முல்லர் பூச்சிகொல்லும் ஆற்றல் கண்ட டி.டி.டி. என்னும் பொருளுக்காக 1948இல் நோபெல் பரிசு பெற்றார். சில ஆண்டுகளுக்குள் அந்நஞ்சைத் தாங்கும் ஈக்களும் கொசுக்களும் பெருகின. நஞ்சுக்கு மெலிந்தவை மாண்டன, வலியவை எஞ்சி இனம்பெருக்கின. 1962இல் ரேச்சல் கார்சன் எழுதிய நூல், பூச்சிக்கு வைத்த நஞ்சு பறவைகளையும் சென்று பற்றுதலை எடுத்துக்காட்டிற்று. இவையெல்லாவற்றினும் கொடியது மஞ்சட் பாசுபரசு கலந்த எலிப்பசை. அதற்கு மாற்றுமருந்து இல்லை; உண்டவருட் பலர் ஈரல் கெட்டு இறப்பர். எலிக்கென வாங்கி மாடத்தில் வைத்த பசையை ஒரு வேளைச் சினத்தில் அம்மனைக்குரிய இளையோரே உண்டு மாண்ட துயரங்கள் தமிழ்நாட்டிற் பல. கொலைக்கருவி மனையுள் இருப்பின், அது யார்மேற் செல்லும் என்பது அதனை வாங்கியவன் வரையறுக்கத்தக்கதன்று. பசைபூசிய அட்டையில் எலியை ஒட்டவைத்து, அது பசியாலும் அச்சத்தாலும் நாள்முழுதும் துடித்து மாய விட்டுவிடுதலும் அத்தகையதே. கொல்லும் துணிவும் இன்றி, விடுக்கும் அருளும் இன்றி, காணாமையையே தன் தூய்மையாகக் கொள்ளும் செயல் அது. கூண்டுப்பொறியிற் பிடித்து ஊர்ப்புறத்தே விடுத்தலும், வளையை அடைத்தலும், தவசத்தை இரும்புக்கலத்தில் மூடிவைத்தலும் எளிய வழிகளாக இருப்ப, இவற்றை நாடுதல் தகாது.

மேற்கூறியவற்றால் இல்வாழ்வான் கொள்ளத்தக்க முறை இதுவெனத் துணியப்படும். முதற்கண் அழையாமை, அடுத்து நுழையாவாறு அடைத்தல், அதன்பின் பிடித்து அகற்றல், மக்களுயிர்க்குத் தீங்கு திண்ணமாய வழி, வேறு நெறி இல்லாதபொழுது மட்டும் கொல்லுதல். அதுவும் விரைவிற் செய்தல் வேண்டும், பிறவுயிர்களைப் பற்றும் நஞ்சாற் செய்தலாகாது, சினத்தாற் செய்தலாகாது. சினம் ஆணவத்தின் காரியம். அதனோடு செய்த சிறு கொலை, அதனின்றிச் செய்த கொலையினும் உயிரைப் பெரிதும் பிணிக்கும். செய்தபின் "இது குற்றமன்று" என்று தன்னைத் தேற்றிக்கொள்ளாமையும் இன்றியமையாதது. குற்றமென அறிந்தவன் மறுமுறை அதற்கு இடம் நேராவண்ணம் காப்பான். குற்றமன்று என்றவன் காவலையும் கைவிடுவான். ஐவேள்வியின் பயன் இவ்வறிவை நாடோறும் புதுப்பித்தலேயாம்.

திருநாவுக்கரசடிகள் தம் திருக்கையில் தாங்கியது உழவாரம். திருக்கோயில்தோறும் புல்லைச் செதுக்கித் திருமுற்றத்தைத் தூய்மை செய்தலை அவர் வழிபாடாகவே கொண்டார். அத்தொண்டினை மனையகத்தும் செய்யலாம். மகவு உறங்கும் முன் விறகடுக்கைப் பார்த்தலும், நீர்த்தொட்டியை மூடுதலும், சிந்திய நெல்லைக் கூட்டி எடுத்தலும், ஏடுகளை வெயிலில் விரித்தலும் சிறு வேலைகள்போற் றோன்றும். அவற்றை நாள்தவறாது செய்பவர் மனையில், கொல்லலாமோ கூடாதோ என்னும் வழக்கு பெரும்பாலும் எழுவதில்லை.

திருச்சிற்றம்பலம்.